கண் திறந்த வேர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் ஏமாந்துபோக வேண்டாம். காட்டில் வேலை செய்தபோது மரத்தில் உருவம் செதுக்கினேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் என்னைப் பெரிய கலைஞன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கலையாவது மண்ணாங்கட்டியாவது. கை நடுக்கத்தை மறைக்கத்தான் நான் கத்தியை எடுத்தேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, ஐந்தாறு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. எங்கள் ஆட்கள் அதைக் கம்யூனிஸ்ட் காலம் என்பார்கள். மலாக்கா டவுனில், காஜா பெராங்கில், ஒரு செட்டி வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தேன். காலை ஆறு மணிக்குச் சந்தியில் லோரி வந்து நிற்கும். காட்டிலாகாவிடம் குத்தகை எடுத்தவர், கூலிகளை ஏற்றிக்கொண்டு போக அனுப்பும் லோரி. புக்கிட் காதில் ஊரைத் தாண்டி, ரப்பர் தோட்டங்கள் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். அந்தக் காட்டின் எல்லையில் ஆறடி அகலத்துக்குச் செடிகொடிகளை வெட்டிக் கோடு போட வேண்டும். கோட்டின்மேல் அங்கங்கே நம்பர் போட்ட கற்கள் நட்டிருக்கும். கடைசிக் கல்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் கல்லில் மறுபடியும் புதர் மண்டிவிடும். ஆகவே வேலைக்குப் பஞ்சமே இல்லை.

பயத்துக்கும் பஞ்சம் இல்லை. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகள் எங்களை அரசாங்கத்து ஆள் என்று சுடலாம். அவர்களைத் தேடி வருகிற பட்டாளம் எங்களை ஒளிந்திருக்கிறவர்கள் என்று சுடலாம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆளுக்கொரு வெள்ளைத் துணியை முதுகில் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"தூரத்துலருந்து பாத்தாலே கூலிக்காரன்னு தெரிஞ்சிரும். சுட மாட்டான்."

"உள்ள இருக்கிறவன் அதையே பாத்துக் குறி வெச்சா, அண்ணே?"

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடா?"

வராது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. காட்டில் சில்வண்டு கத்திக்கொண்டே இருக்கும். அது பழகிவிடும். அது திடீரென்று நின்றுவிட்டால்தான் எனக்குப் பயம். யாரோ நடந்து வருவதால் நின்றதா, சும்மா நின்றதா என்று தெரியாது. மறுபடி கத்த ஆரம்பிக்கும் வரை நான் புதர் வெட்டும் பாராங் கத்தியை ஓங்கிய கையோடு அப்படியே நிற்பேன். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கும் பயம்தான், ஆனால் அவர்களுக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு அதைவிட மோசம். காட்டுக்குப் போகிற எவரும் ஒரு பிடி சோறோ அரிசியோ கொண்டுபோகக் கூடாது. ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சட்டம். புக்கிட் காதிலுக்கு அப்புறம் சாவடியில் லோரியை நிறுத்தி, பை, பாட்டில், இடுப்பு மடிப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்கள். சர்க்கரை போடாத கறுப்புத் தேத்தண்ணி மட்டும் கொண்டுபோகலாம். அரிசியோடு பிடிபட்டவர்கள் வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தார்கள். மத்தியானம் நாங்கள் அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம்.

எனக்குத் தூக்கம் வராது. கண்ணை மூடினால் சத்தம் அதிகமாகக் கேட்கும். ஆகவே, "வயித்தால போகுது" என்று சொல்லிவிட்டு ஏழாம் நம்பர் கல்லுக்குப் பின்னால் இருந்த பள்ளத்துக்குப் போய்விடுவேன். அந்தக் காரணத்தைச் சொன்னால் யாரும் பின்னால் வர மாட்டார்கள். அங்கே ஒரு பெரிய மரம் எந்தக் காலத்திலோ வேரோடு சாய்ந்து கிடந்தது. மண்ணை விட்டு முழுதாகப் பிடுங்கிக்கொள்ளாமல் ஒரு வேர் மட்டும் இடுப்புயரத்துக்கு வளைந்து நின்றது. ஒரு முழங்காலை மடக்கி, மற்றதை ஊன்றி உட்கார்ந்த ஆள் என்று சொல்லலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அதில் என் கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை.

முதலில் சும்மா பட்டையை உரித்தேன். கையில் வேலை இருந்தபோது காது கொஞ்சம் அடங்கியது. அதனால் மறுநாளும் போனேன். சைக்கிள் கடையில் தூக்கிப் போட்ட ரம்பத் தகட்டைத் தேய்த்துக் கத்தி செய்து, பழைய டியூபைச் சுற்றிக் கைப்பிடி போட்டேன். சாவடியில் பாராங்கைத் தவிர வேறு கத்தி வைத்திருந்தால் தொலைந்தோம். ஒரே ஒரு நாள் அதைக் காலில் போட்ட சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அன்று போலீஸ்காரன் என் முகத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்து, காய்ச்சலா என்று கேட்டான். அதற்குப் பிறகு கத்தி ஏழாம் நம்பர் கல்லின் அடியிலேயே இருந்தது. மழமழப்பாக்குவதற்கு ஓர் உடைந்த பாட்டில் துண்டு.

மரத்துக்குள் உருவம் தூங்குகிறது, நாம் எழுப்பிவிடுகிறோம் என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் தெரிந்ததில்லை. வேர் எந்தப் பக்கம் வளைந்ததோ அந்தப் பக்கம் போனேன். ஒரு முடிச்சு இருந்தது, அது மூக்கானது. அதன் கீழே இரண்டு பக்கமும் நார் ஓடியது, அது மீசையானது. ஏறக்குறைய இரண்டு மாதம் இப்படிப் போனது. தினமும் மரத்தூளையும் சீவலையும் இலைக்கு அடியில் தள்ளி மறைத்துவிடுவேன். அரசாங்கத்தின் ஒதுக்குக்காட்டில் ஒரு குச்சியை ஒடித்தாலும் குற்றம் என்று மண்டோர் அடிக்கடி சொல்லுவார். வேலையை விட்டு நீக்கிவிடுவார் என்ற பயம் வேறு.

கடைசியாகக் கண். கண்ணைக் குடையாமல் விட்டிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம், சனியனே என்று பிற்பாடு எத்தனையோ தடவை என்னையே திட்டிக்கொண்டேன். கண் வைத்த அந்த மத்தியானம், கத்தியை மடித்த துணியில் சுற்றிவிட்டு நிமிர்ந்தபோது அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் செதுக்கியதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கார அம்மாவிடம் பட்டும்படாமல் கேட்டேன். அவர் மலாக்காச் செட்டி, பல தலைமுறைகளுக்கு முன் அங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றி நிறைய திருநீறு பூசுவார், ஆனால் தமிழ் வராது, வீட்டில் மலாய்தான். மரத்தில் ஒரு பொம்மை செய்தேன் என்றேன். கண் வைத்தாயா என்று கேட்டார். வைத்தேன் என்றேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "ஜாங்ஙான் மாயின்-மாயின்" என்றார். விளையாடாதே என்று அர்த்தம். எனக்குத் தூக்கம் போனது.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். நாற்பது வயது இருக்கும். காலணா அகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்திருப்பார். அவருடைய வீட்டுக்காரரை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோனான். ஜப்பான்காரன் தோற்றுப் போய் எத்தனையோ வருடமாகியும் அவர் திரும்பி வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அதனால் அக்கா பொட்டை எடுக்கவில்லை. "செய்தி வரட்டும், அப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லுவார். கூட்டத்தில் எல்லோரும் என் பயத்தைப் பார்த்துச் சிரித்தபோது சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

கண் வைத்த நாலாம் நாள் அக்கா ஏதோ காரியமாக அந்தப் பள்ளத்துக்குப் போனார். திரும்பி வந்து மண்டோரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். பின்னாலேயே எல்லோரும் போனோம். நானும் போனேன், போகாவிட்டால் சந்தேகம் வருமே.

மண்டோர் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "முனி" என்றார் மெதுவாக. "தானா எழுந்திருக்காரு. வேர்லயே எழுந்திருக்காரு."

நான்தான் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் காரணம் பயம். இரண்டாவது காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏழு பேர் என் வேலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வாயை மூடிக்கொண்டு நானும் கும்பிட்டேன்.

மறுநாளிலிருந்து அக்கா துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் குங்குமத்தைக் கொண்டுவந்து அதன் நெற்றியில் வைத்தார். செம்பருத்தி வைத்தார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் நாள் வெற்றிலைப் பையின் உள்மடிப்பிலிருந்து ஒரு பிடி பச்சரிசியை எடுத்து, ஓர் இலையில் கொட்டி அதன் முன்னால் வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா, என்னா வேலை இது? சாவடியில பாத்தா என்னாவும்?"

"வெத்தல போடற பொம்பள பைய எவன் துழாவப் போறான்? வேண்டுதல், தம்பி. வேலைக்கு வர்ற நாளா நாப்பத்தெட்டு நாளு. அவரு வந்து சேரணும்."

"பூ மட்டும் வைங்கக்கா. அரிசி வேணாம்."

"பூவத் தின்னுட்டா காவல் காப்பாரு?" என்றார். பேச்சு முடிந்தது.

தினமும் ஒரு பிடி. மறுநாள் வந்து பார்த்தால் இலை காலியாக இருக்கும். எலி, எறும்பு, குரங்கு, காட்டுக்கோழி என்று நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிச் சமாதானம் செய்துகொண்டேன். சாமி எடுத்துக்கிட்டாரு என்றார் அக்கா. முப்பதாவது நாளோ என்னவோ, எல்லோருக்கும் முன்னால் நான் போய்ப் பார்த்தேன். இலை காலியாக இருந்தது. நாலாக மடித்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லும் வைத்திருந்தது.

எலி இலையை மடித்து வைக்காது. இலையைப் பிரித்துத் தூர எறிந்தேன். யாரோ தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ அந்த அரிசியைத் தின்கிறார்கள். பட்டாளத்துக்குத் தெரிந்தால் அக்காவின் கதி அதோகதி. அவரிடம் சொன்னால் நிறுத்துவாரா? ஏன் கண்டாய், எப்படிக் கண்டாய் என்று கூட்டமே கேட்கும். பேச்சு வளர்ந்து நான் கத்தி வைத்திருப்பதில் வந்து நிற்கும். இப்படியெல்லாம் நினைத்து நினைத்து, கடைசியில் எப்போதும் செய்வதையே செய்தேன். பேசாமல் இருந்தேன். இன்னும் பதினெட்டு நாள்தானே, முடிந்துவிடும் என்று நாளை எண்ணினேன்.

நாற்பத்து இரண்டாம் நாள் மத்தியானம் சில்வண்டு நின்றது.

இந்தத் தடவை சும்மா நிற்கவில்லை. கோட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டாளம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வெள்ளைக்கார ஆபீசர், ஒரு மலாய் சார்ஜன். எங்களைத் தலையில் கையை வைத்து வரிசையாக உட்காரச் சொன்னார்கள். ஒருவன் பள்ளத்துக்குள் இறங்கி, உரக்கக் கூப்பிட்டான். எங்களையும் அங்கே நடத்திக்கொண்டு போனார்கள். அன்று காலை வைத்த அரிசி இலையில் அப்படியே இருந்தது.

யார் வைத்தது என்று சார்ஜன் மலாயில் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா தானாகவே கையை உயர்த்தினார்.

யாருக்கு என்று கேட்டார் சார்ஜன். சாமிக்கு என்றார் அக்கா. சார்ஜன் வேரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் கன்னத்தை விரலால் தடவினார். குங்குமத்தைத் துடைத்துவிட்டுக் கூர்ந்து பார்த்தார். "சியாப்பா புவாட்?" என்றார். யார் செய்தது?

மண்டோர் நடுங்கிக்கொண்டே, தானாக முளைத்தது துவான் என்றார். தானாக முளைத்ததில் கத்தி வெட்டு எப்படி வரும் என்று சார்ஜன் கேட்டார். மண்டோர் குனிந்து பார்த்தார். அவர் அப்போதுதான் வெட்டைப் பார்த்தார், பாவம்.

சார்ஜன் ஆபீசரிடம் சொன்னது எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. உள்ளே இருக்கிறவன் எவனோ அடையாளத்துக்கு இதைச் செதுக்கி வைத்திருக்கிறான், இந்தப் பொம்பளை இதைப் பார்த்து அரிசி வைக்கிறாள், அவன் வந்து எடுத்துப் போகிறான். பார்க்கப்போனால் நியாயமான யோசனைதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"செய்தவன் யார்? சொன்னால் உனக்கு நல்லது" என்றார் சார்ஜன் அக்காவிடம்.

"யாரும் செய்யல" என்றார் அக்கா. மறுபடி கேட்டார்கள். "யாரும் செய்யல." மூன்றாம் தடவையும் அதையேதான் சொன்னார். ஒரு சிப்பாய் கயிறு எடுத்து அவர் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டினான். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து விழுந்தது.

வீரம் வந்து நான் பேசவில்லை. பேசலாமா வேண்டாமா என்று யோசிக்கவும் இல்லை. வளையல் உடைந்த சத்தத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சாயா புவாட்" என்றேன். நான் செய்தேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதைப் போலக் கேட்டது.

துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. ஏழாம் நம்பர் கல்லின் அடியிலிருந்து கத்தியையும் பாட்டில் துண்டையும் எடுத்துக் காட்டினேன். சார்ஜன் நம்பவில்லை. செய்து காட்டு என்று பக்கத்திலிருந்த இன்னொரு வேரைக் காட்டினார். செய்தேன். கை அப்படி ஆடியது, கட்டைவிரலை வெட்டிக்கொண்டேன், மூக்கு என்று நான் செதுக்கியதை மூக்கு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என் கத்தியின் வெட்டுவாயில் ஒரு சின்னப் பொக்கை விழுந்திருந்தது. அதனால் ஒவ்வொரு வெட்டின் நடுவிலும் நூல் அளவு ஒரு கோடு மேடாக நிற்கும். சார்ஜன் புதிய வெட்டைப் பார்த்தார். பழைய முகத்தில் பாட்டில் துண்டால் தேய்க்காத காதோரம் பார்த்தார். இரண்டிலும் அந்தக் கோடு இருந்தது. சிரித்துவிட்டார். கூலிக்காரன் வேலை நேரத்தில் விளையாடியிருக்கிறான் என்று ஆபீசரிடம் சொன்னார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சார்ஜன் மலாயில் திருப்பிச் சொன்னார். இது வெறும் மரம் என்றால் நீயே வெட்டிப்போடு, இப்போதே. வெட்டினால் பொம்பளையை விடுகிறோம். இல்லாவிட்டால் இரண்டு பேரும் லோரியில் ஏறுங்கள்.

பாராங்கைக் கையில் கொடுத்தார்கள். ஓங்கினேன். அது என்னைப் பார்த்தது. எத்தனையோ மத்தியானம் என் மடியில் தூள் விழ விழ நான் சீவிய முகம், எந்த நார் எங்கே ஓடுகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்த முகம். அங்கே இருந்த அத்தனை பேரிலும் அது வெறும் வேர் என்று தெரிந்தவன் நான் ஒருவன். அத்தனை பேரிலும் அதிகமாகப் பயந்தவனும் நான்தான். துப்பாக்கியைவிட அதற்குப் பயந்தேன். கை இறங்க மறுத்தது. சார்ஜன் எண்ண ஆரம்பித்தார்.

"கயித்த அவுக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. என் பக்கம் வந்தார். "கண்ணு தொறந்த கையி வெட்டக் கூடாது, தம்பி. அது உனக்கு ஆகாது. குடு இங்க."

சார்ஜன் தலையசைக்க, சிப்பாய் கயிற்றை அவிழ்த்தான். அக்கா பாராங்கை வாங்கினார். குனிந்து வேரின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு புதர் வெட்டுகிற அதே வீச்சில் வெட்டினார். நாலாவது வெட்டில் தலை விழுந்தது. சார்ஜன் சப்பாத்துக் காலால் அரிசியைச் சேற்றில் தேய்த்தார். என் கத்தியை எடுத்துக்கொண்டு, எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சில்வண்டு மறுபடி கத்த ஆரம்பித்தது.

லோரியில் திரும்பும்போது மண்டோர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இந்தக் கூட்டத்தில் இனி எனக்கு இடமில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஆனாலும் வேறு போக்கிடம் ஏது? மறுநாள் காலை சந்திக்குப் போய் நின்றேன். லோரி வந்தது. மண்டோர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேலேயிருந்து ஒரு கை நீண்டது.

"ஏறு, தம்பி."

ஏறி, அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடிந்தும் விடியாத வெளிச்சம். லோரி நகர்ந்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை. பொட்டு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. கையில் வளையலும் இல்லை.

"அக்கா, அது வெறும் வேருக்கா. நான் செஞ்சது. அத வெட்டுனா வேண்டுதல் கெட்டுப் போவாது. இன்னும் ஆறு நாள்தான், வேற கோயில்ல முடிச்சிரலாம்" என்று உளறினேன்.

"நீ செஞ்சதுன்னு மொத நாளே தெரியும்" என்றார். "வயித்தால போறவன் சட்டையில எங்கயாச்சும் மரத்தூளு இருக்குமா?"

கயிற்றைக் கட்டுவதற்கு முன்பு மூன்று தடவை யாரும் செய்யவில்லை என்று சொன்னது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த மூன்று தடவையும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"தெரிஞ்சுமா கும்பிட்டீங்க?"

"யாரு செஞ்சா என்ன. கண்ணு இருந்துச்சு. நான் சொன்னத எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தாரு."

"அப்புறம் ஏங்க்கா வெட்டுனீங்க?"

அவர் வெற்றிலைப் பையைத் திறந்து, உள்மடிப்பை வெளியே இழுத்து உதறினார். ஒட்டிக்கொண்டிருந்த நாலைந்து அரிசி ரோட்டில் விழுந்தது.

"என் வீட்டுக்காரரு வருவாரோ மாட்டாரோ. பத்து வருசமாச்சு. நீ கண்ணு முன்னால நடுங்கிக்கிட்டு நின்னியே" என்றார்.

புக்கிட் காதில் வரும் வரை நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சாவடியில் போலீஸ்காரன் ஏறி அக்காவின் பையைக் கேட்டான். அவர் கொடுத்தார். அவன் உள்மடிப்பு வரை பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தான்.